கால்வாய்க் கரை வழியே நூறு கிலோமீட்டர்

மதுரையிலிருந்து மிதிவண்டியில் நீண்ட தூரம் போக நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது நான்குவழிச் சாலைதான். திண்டுக்கல் பக்கம் திரும்பினாலும், விருதுநகர் பக்கம் திரும்பினாலும், மேலூர் வழியாகத் திருச்சிக்குத் திரும்பினாலும் அகலமான தார்ச்சாலை தயாராகக் கிடக்கிறது. வழி கேட்க வேண்டியதில்லை. நேரமும் குறைவாகவே ஆகும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 கிலோமீட்டரை இருபது மணி நேரத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும் என்ற கெடுவோடு ஓட்டும், பிரெவே எனப்படும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணக்காரர்களுக்கு இத்தகைய சாலைகளை விட்டால் வேறு வழியும் இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சரக்கு லாரி கடந்துபோகும்போது உண்டாகும் காற்றின் இழுப்பைத் தோளில் உணர்ந்து, அதே நொடியில் சாலையோரமாக எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிக்கும் விலகிக்கொடுத்து, இவ்வாறே ஐம்பது கிலோமீட்டர் போன பிறகு நாம் அடையும் இடம் பெரும்பாலும் ஒரு சுங்கச் சாவடியாகவே இருக்கிறது.

நானும் என் கணவரின் தங்கையும் சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் வெளியே போய்வருகிறோம். நான் ஐம்பதை நெருங்குகிறேன். நாத்தனாருக்கு நாற்பது கடந்துவிட்டது. எங்களுக்கு நேரக்கெடு கிடையாது, ஆனால் வண்டிச் சத்தம் ஆகாது. ஆகவே சாலையைப் பார்த்து வழியைத் தீர்மானிக்காமல், தண்ணீர் போகும் தடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கம் எங்களிடம் படிந்துவிட்டது. ஆற்றங்கரை ஊர்களை இணைக்கும் சிறு சாலை, பாசனக் கால்வாயைக் கண்காணிக்கப் போட்ட கரைப்பாதை, ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் கரைத்தடம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கோத்தால், மதுரையைச் சுற்றி நூறு கிலோமீட்டர் தூரத்தை லாரியும் பேருந்தும் அதிகம் எதிர்ப்படாமலேயே கடந்துவிடலாம். இந்தத் தடங்கள் எந்த ஊருக்கும் விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்காதவை என்பதால்தான் கனரக வாகனங்கள் அங்கே வருவதில்லை.

மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரை, 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையும் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கமும் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவந்தன. நிலக்கோட்டை வட்டத்தில் வைகையின் குறுக்கே உள்ள பேரணையில் பிரிகின்ற பெரியாறு பிரதானக் கால்வாய், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கங்களைத் தொட்டுக்கொண்டு கள்ளந்திரிக்கு வந்து, அங்கிருந்து மேலூர்ப் பக்கம் போகிறது. கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகம்; அதற்கப்பால் உள்ள 85,563 ஏக்கர் ஒருபோகம். மிதிவண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கைவிட முக்கியமானது அதன் மட்டம். பம்பு எதுவுமின்றித் தானாக ஓட வேண்டிய நீர் மேட்டில் ஏறாது. வேகமாக இறங்கவிட்டாலோ கரையை அரித்துவிடும். எனவே கால்வாயை வெட்டியவர்கள், குன்றுகளின் அடிவாரம் எப்படி வளைகிறதோ அப்படியெல்லாம் அதை வளைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சரிவில் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீருக்காகப் போட்ட அந்தக் கணக்கு மூட்டு வலிக்கும் அப்படியே பொருந்துகிறது. சிறுமலையும் அழகர்மலையும் பக்கத்திலேயே உயர்ந்து நிற்க, மணிக்கணக்கில் மிதித்தும் கியரை மாற்றும் தேவை அநேகமாக எழுவதே இல்லை.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதை நீரோட்டத்தையும் காற்றையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மதுரைப் பக்கம் அடிப்பது மேல்காற்று. காலை எட்டு மணிக்கு மேல் அது வலுத்துவிடும். கிழக்கே முதலில் போய்விட்டுத் திரும்பும் வழியில் மேற்கு நோக்கி மிதிப்பவர்கள், களைத்துப்போன நேரத்தில் காற்றோடு மல்லுக்கட்ட நேரிடும். நாங்கள் விடியற்காலையில் வைகையின் தென்கரைச் சாலையில் மேற்கே போகிறோம். அங்கே தென்னந்தோப்புகள் காற்றைத் தடுத்துவிடுகின்றன. பிறகு வடக்கே ஏறிக் கால்வாயைப் பிடித்துக் கிழக்கே வருகிறோம். அப்போது நீரோட்டமும் காற்றும் ஒரே திசையில் நம்மைத் தள்ளிக்கொண்டு வருகின்றன.

கோச்சடையைத் தாண்டித் துவரிமான் வரை நகரத்தின் வால் நீண்டுகொண்டே இருக்கும். பள்ளி வேன்களும் பால் வண்டிகளும் கிளம்புவதற்கு முன்பே, அதாவது ஐந்தரைக்குள், இந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. கோடிமங்கலம் வந்துவிட்டால் இடப்புறம் நாகமலையின் நீண்ட முதுகும் வலப்புறம் ஆற்றை ஒட்டிய தோப்புகளும் கூடவே வரத் தொடங்கும். மேலக்கால், தென்கரை, முள்ளிப்பள்ளம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் தேநீருக்குக் குறைவில்லை. சோழவந்தான் வட்டாரத்து வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலை விளையும் கொடிக்கால்களை இந்தச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அகத்தி மரங்களை வரிசையாக நட்டு அவற்றின் மீது கொடியைப் படரவிட்டிருப்பார்கள். கொடிக்காலின் ஓரமாகப் போகும்போது காற்று சட்டென்று குளிர்வதை மிதிவண்டியில் போகிறவர்களால்தான் உணர முடியும். காருக்குள் அது வருவதில்லை.

முள்ளிப்பள்ளத்தில் ஒரு பாட்டி எங்களை நிறுத்தி, "ஏத்தா, பஸ்ஸ விட்டுட்டீகளா? ஒக்காருங்க, மினி பஸ்ஸு வரும்" என்றார். இரண்டு பெண்கள் விருப்பப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் மிதிக்கிறார்கள் என்று அவரை நம்பவைக்க முடியவில்லை. ஆனாலும் அடுத்த ஊருக்கு எந்தத் தெரு வழியாகப் போனால் நாய்த் தொல்லை இல்லை என்பதை அவர் சரியாகச் சொல்லி அனுப்பினார்.

நாய் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். தெரு நாயைவிட ஆட்டுக் கிடையைக் காக்கும் நாய்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது விளையாட்டுக்குத் துரத்துவதில்லை. வேகத்தைக் கூட்டித் தப்பிக்க நினைப்பது வீண். இறங்கி, வண்டியை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அதை வெறித்துப் பார்க்காமல் மெதுவாக நடந்தால் தன் எல்லை முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. கடி பட்டுவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைய பயணத்தை அத்துடன் நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும். இதற்காகவே ஒரு சிறு சோப்புத் துண்டு எங்கள் பையில் எப்போதும் இருக்கிறது.

தென்கரையிலிருந்து பாலம் ஏறிச் சோழவந்தானுக்குள் புகுந்து வாடிப்பட்டிக்குப் போகும் வழியில் ரயில் பாதையையும் நான்குவழிச் சாலையையும் கடந்தாக வேண்டும். இந்த இடத்தில் மட்டும் நாங்கள் வீரம் காட்டுவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே போகிறோம். அதன்பின் கால்வாய் தொடங்குகிறது.

கால்வாய்க் கரைப்பாதை முழுக்க ஒரே தரத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில இடங்களில் தார், சில இடங்களில் சரளை, சில இடங்களில் டிராக்டர் சக்கரம் பதித்த இரண்டு தடங்களும் நடுவில் புல்லும் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். இன்னும் சில இடங்களில் கரை சரிந்தோ முள் அடைத்தோ கிடக்க, இறங்கி ஊர்ச்சாலை வழியாகச் சுற்றி மறுபடியும் ஏற வேண்டியிருக்கும். தண்ணீர் நிறைந்து ஓடும் நாள்களில் நீர்ப்பக்கத்து விளிம்பு ஊறி இளகியிருக்கும். தடுப்புச் சுவர் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஆகவே எப்போதும் வயல் பக்கத்துத் தடத்தில்தான் ஓட்ட வேண்டும். வயலில் விழுந்தால் சேறுதான். கால்வாயில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அந்த இழுப்பில் சிமெண்டுச் சரிவைப் பிடித்து ஏறுவது கடினம். படித்துறைகளில் துணி துவைப்பவர்களும் குளிப்பவர்களும் இருக்கும்போது சற்று முன்னதாகவே மணியடித்து, பார்வையைப் பாதையில் வைத்துக்கொண்டு கடப்பது மரியாதை. வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து மாட்டுக் கயிறு. மாட்டைக் கரையின் ஒரு பக்கத்து மரத்தில் கட்டியிருப்பார்கள். அது பாதையைக் கடந்து மறுபக்கம் மேய்ந்துகொண்டிருக்கும். நடுவில் முழங்கால் உயரத்தில் கயிறு விறைத்து நிற்கும். மாட்டைக் கண்டால் கயிற்றைத் தேடு என்பது என் நாத்தனாரின் விதி.

இந்தத் தடங்களில் பஞ்சர் வராமல் திரும்புவது அரிது. சீமைக் கருவேலமும் நாட்டுக் கருவேலமும் கரையெங்கும் நிற்கின்றன. கரையைச் சுத்தம் செய்வதற்காக அவற்றை வெட்டிய சில வாரங்களுக்குப் பாதை முழுவதும் முள் சிதறிக் கிடக்கும். மழைக்குப் பிறகு சரளைப் பகுதிகளில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். எங்கள் வண்டிகள் விலை உயர்ந்தவை அல்ல. கியர் வைத்த ஹைபிரிட் வகைதான், ஆனால் 38 மில்லிமீட்டர் அகல டயர் போட்டிருக்கிறோம். மெல்லிய டயரில் காற்றை இறுக்கமாக அடைத்துக்கொண்டு சரளையில் போனால் முதுகெலும்பு ஒவ்வொரு கல்லையும் எண்ணும். அகல டயரில் 45 முதல் 50 பிஎஸ்ஐ அழுத்தமே எங்கள் எடைக்குப் போதுமானதாக இருக்கிறது. பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாக வைப்பது பழைய சைக்கிள் கடைக்காரர்களின் உத்தி. வண்டி சற்றுக் கனமாக ஓடினாலும் சிறு முட்கள் உள்ளே வருவது பெருமளவு குறைகிறது.

பஞ்சர் ஒட்டும்போது ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் தேடி அலைய வேண்டாம் என்பது கால்வாய் வழியின் தனிச் சலுகை. டியூபை அப்படியே முக்கிக் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒட்டுப் போடுவதைவிட முக்கியமானது, டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் தடவிப் பார்ப்பது. முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து நின்றிருக்கும். அதைப் பிடுங்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் உட்கார வேண்டியதுதான். கிராமத்துக் கடைகளை நம்பிப் போகிறவர்கள் வால்வைப் பற்றி முன்பே யோசிக்க வேண்டும். ஊர்ச் சைக்கிள்களில் இருப்பது வால்டியூப் போட்ட பழைய வகை. பஞ்சர் கடைகளில் இருக்கும் கம்ப்ரஸர், பைக் வால்வுக்கு ஏற்றது. விலை கூடிய மிதிவண்டிகளோடு வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இந்த இரண்டிலும் சேராது. பைக்கில் உள்ளதைப் போன்ற ஷ்ரேடர் வால்வுள்ள டியூபை மாட்டிக்கொள்ளலாம், அல்லது சட்டைப் பையில் அடங்கும் பித்தளை அடாப்டர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸரில் காற்று பிடிக்கும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் டியூப் வெடித்துவிடும் என்பதால், கைப்பம்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுவதே மேல்.

சங்கிலிக்கு வரும் ஆபத்து முள்ளால் அல்ல, விளைச்சலால். மார்கழி, தை, மாசி மாதங்களில் உளுந்து, கொள்ளு, எள் போன்றவற்றின் தாள்களைச் சிறு சாலைகளில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்பதற்காக. டிராக்டருக்கும் பேருந்துக்கும் அது ஒன்றும் செய்யாது. மிதிவண்டியிலோ அந்தத் தாள் பின்சக்கரக் கியரில் சுற்றி, சங்கிலியைக் கியர் மாற்றும் டெரெய்லரை இழுத்து, அதைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டை வளைத்துவிடும். அந்தத் துண்டு வளைந்துவிட்டால் கியர் ஒன்றும் சரியாக விழாது. கிராமத்தில் அதை நிமிர்த்தும் கருவியும் இருக்காது. ஆகவே தாள் பரப்பிய இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். நெல் காயும் இடத்தில் இறங்க வேண்டியதற்குக் காரணம் வேறு. அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

வழி கேட்பதைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. மந்தையிலும் தேநீர்க் கடையிலும் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் கேட்டால், அவர்கள் மிகுந்த அக்கறையோடு, "மெயின் ரோட்டப் பிடிச்சுப் போயிருங்க தாயி, அதான் நல்ல ரோடு" என்பார்கள். அவர்கள் போய்வருவது பைக்கில். அவர்களுக்குத் தெரிந்த ஊர்ப்படம் பைக் போகும் சாலைகளால் ஆனது. நாற்று நடவும் களை எடுக்கவும் வரப்பு வழியாக நடப்பவர்களும், நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்டுபவர்களும் பெரும்பாலும் பெண்கள். கரை எங்கே உடைந்திருக்கிறது, எந்த மடைக்கு மேல் பலகை போட்டிருக்கிறார்கள், எந்த ஓடையில் இன்னும் தண்ணீர் வற்றவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அலங்காநல்லூருக்கு அப்பால் ஒருமுறை களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "அந்தக் கரையில போகாதீக, மூணாவது மடைக்கிட்ட ஒடஞ்சு கெடக்கு, எறங்கி வரப்புல தூக்கிட்டுப் போனா அங்கிட்டு ஏறிக்கலாம்" என்றார். மூன்றாவது மடையருகே உண்மையிலேயே கரை உடைந்து கிடந்தது. கைப்பேசியின் வரைபடத்தில் அந்த இடம் முழுக் கோடாகவே தெரிந்தது. செயற்கைக்கோள் படத்தில் கால்வாயின் பச்சைக் கோட்டைப் பார்த்து முன்னாளிரவே வழியைக் குறித்துக்கொள்வது பயனுள்ளதுதான்; ஆனால் அது எந்த மாதத்தில் எடுத்த படம் என்பது நமக்குத் தெரியாது. தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டி யாராவது எதிர்ப்பட்டால் அவரை விடக் கூடாது. கரையின் அன்றைய நிலவரம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

கள்ளந்திரியில் அழகர்கோவில் சாலையைத் தொடும்போது பாதி நாள் முடிந்திருக்கும். சித்திரைத் திருவிழாவின்போது அழகர் மதுரைக்கு இறங்கி வரும் சாலை இது; அந்த நாள்களில் இந்தப் பக்கம் மிதிவண்டியில் வர நினைப்பது வீண். மற்ற நாள்களில், குறுக்கே கடந்து கிழக்கே போய்விட்டால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. வாடிப்பட்டிப் பக்கத்து நெல்லும் வாழையும் பின்தங்கி, செம்மண்ணும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் அவற்றின் காலடியில் கண்மாய்களுமாக மேலூர் வட்டாரம் தொடங்குகிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அடங்கிய 193.42 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024 நவம்பரில் முடிந்த ஏலம், ஊர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது. சுரங்கம் வந்திருந்தால் இந்தச் சாலைகளில் டிப்பர் லாரிகளைத் தவிர வேறு எதுவும் ஓடியிருக்காது என்பதை அங்கே மிதித்துப் பார்ப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மீனாட்சிபுரத்துக் குன்றில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகளும் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் உள்ளன. ஏறிப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பாறையில் மிதிவண்டிக் காலணியோடு இறங்குவது வழுக்கலும் சூடுமாகத் தொல்லை தரும். எங்கள் சுற்றில் நாங்கள் அங்கே நண்பகலில் சேர்வதால் குன்றைத் தனியாக வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டு, அடிவாரத்து மரநிழலில் படுத்துவிடுகிறோம்.

கண்மாய்க் கரைகளின் இயல்பு கால்வாய்க் கரையிலிருந்து வேறுபட்டது. ஒரு கண்மாய் நிறைந்ததும் உபரி நீர் கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த கண்மாய்க்குப் போகும்படி நம் முன்னோர்கள் அமைத்திருப்பதால், கரையிலிருந்து கரைக்குத் தடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மறுகால் பாயும்போது அதே அமைப்பு வழியை அறுத்துவிடும். தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு நீர்தான் ஓடுகிறது என்று தோன்றினாலும், அடியில் பாசி படிந்திருக்கும்; வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பதே நல்லது, நீர் முழங்காலை எட்டினால் திரும்பிவிடுவதே நல்லது. அந்த மாதங்களில் பிற்பகல் இடியும் மிரட்டும். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் கரையின் மேல் மனிதரும் பனையும் மட்டுமே நிற்பதால், வானம் கறுத்த உடனே கரையை விட்டு இறங்கி, ஒற்றை மரத்தடியில் ஒதுங்காமல் ஊருக்குள் போய்விட வேண்டும்.

ஊர் நாள்காட்டியையும் விசாரித்துக்கொள்வது அவசியம். தை, மாசியில் மேலூரிலிருந்து சிவகங்கைப் பக்கம் வரை பல ஊர்களில் மஞ்சுவிரட்டு நடக்கும். வாடிவாசல் இல்லாமல் பொட்டலிலும் கண்மாயிலும் மாடுகளை அவிழ்த்துவிடும் ஊர்களில், மாடு எந்தப் பாதையில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா அறிவிப்பார்கள்; விடியற்காலையிலேயே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடிவிடுவார்கள். அன்று அந்தக் கரையில் மிதிவண்டிக்கு இடமில்லை. ஆனால் நின்று பார்க்கலாம், மீனும் கிடைக்கலாம்.

சித்திரை, வைகாசியில் நாங்கள் நீண்ட தூரம் போவதில்லை. அறுபது கிலோமீட்டரோடு, காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். மற்ற மாதங்களிலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். ஊர்க் குழாய்களில் நீர் வருவது காலையில் சில மணி நேரம்தான் என்பதால், எட்டு மணிக்குள் ஒருமுறை நிரப்பிவிட்டால் பிறகு தவிக்க வேண்டாம். வியர்வை அதிகமாகும் நாளில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு லிட்டர் நீருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற அளவில் கரைத்து ஒரு புட்டியைத் தனியாக வைத்துக்கொள்கிறோம். மதுரையில் கிளம்பும்போது சூடான பருத்திப்பால், வழியில் இட்லி, முற்பகலில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் என்பது நாங்கள் பழகிக்கொண்ட வரிசை. பிரியாணியை நடுவழியில் சாப்பிட்டுவிட்டு மிதிப்பவர்களை நான் வியப்போடு பார்க்கிறேன். கிராமத்துத் தேநீர்க் கடைகள் பதினொரு மணிக்கு மேல் மூடிக்கிடக்கும் என்பதால், கடலை மிட்டாயும் வாழைப்பழமும் பையில் இருப்பது நலம்.

திருமங்கலத்துக்கு மேற்கே, தே.கல்லுப்பட்டி, பேரையூர், சாப்டூர் என்று மலையடிவாரம் வரை நீளும் கரிசல் காட்டுச் சாலைகளையும் சொல்ல வேண்டும். வண்டிகள் மிகக் குறைவு. பார்வை தொடுவானம் வரை போகும். பருத்தியும் சோளமும் நிற்கும் பருவத்தில் அழகுக்குக் குறைவில்லை. நிழல் கிடையாது, காற்றுக்குத் தடையும் கிடையாது. மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கிவிட்டால், கரிசல் மண் டயரிலும் பிரேக்கிலும் அப்பி, சில அடி தூரத்திலேயே சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் சுரண்டி எடுக்க எடுக்க அது வந்துகொண்டே இருக்கும். செம்மண் பக்கம் மழைக்குப் பிறகு ஒரு நாள் காத்திருந்தால் போதும், கரிசலில் மூன்று நாளாவது காய விட வேண்டும்.

பெண்கள் இந்த வழிகளில் போவதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் முதலில் பாதுகாப்பைக் கேட்கிறார்கள். நடைமுறையில் எங்களை அதிகம் திணறடித்தது கழிப்பறை. நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. கால்வாய்க் கரையில் எதுவும் இல்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தயங்காமல் கேட்டுவிடுவதே நாங்கள் கண்ட வழி. எந்த ஊரிலும் இதுவரை மறுத்ததில்லை, கூடவே ஒரு சொம்பு மோரும் வந்துவிடும். உடை விஷயத்தில், துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். சுடிதாரின் கால் பகுதியைச் சங்கிலிப் பக்கம் ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பைப் பொறுத்தவரை இருவராகப் போவது, இருட்டும் முன் கரையை விட்டு இறங்கிவிடுவது, எந்த ஊரைத் தாண்டியிருக்கிறோம் என்பதை வீட்டுக்கு அவ்வப்போது சொல்லிவிடுவது என்ற மூன்றும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன. கரையில் ஆளரவம் குறைவாக இருக்கும் இடத்தில் குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் கண்ணில் பட்டால், நிற்காமல், பேச்சுக் கொடுக்காமல் கடந்துவிடுகிறோம். தூரத்திலேயே தெரிந்துவிட்டால் வயல் வழியாக ஊருக்குள் இறங்கிவிடுகிறோம்.

இந்தச் சுற்றில் சரிப்படாத பகுதி ஒன்று உண்டென்றால் அது கடைசிப் பகுதிதான். அரிட்டாபட்டியிலிருந்து சிற்றூர்கள் வழியாக யானைமலையைப் பார்த்துக்கொண்டே ஒத்தக்கடைக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு மாட்டுத்தாவணி வரை பேருந்துகளின் ராஜ்யம். நூறு கிலோமீட்டரை ஒட்டி மிதித்துவிட்டு, கை தளர்ந்து, கவனம் குறைந்திருக்கும் நேரத்தில் மாலை நெரிசலுக்குள் நுழைவதுதான் அந்த நாள் முழுவதிலும் மிக ஆபத்தான வேலை. நான்கு மணிக்குள் ஒத்தக்கடை சேர்ந்துவிட்டால் ஓரமாகவே ஓட்டி வீட்டுக்கு வருகிறோம். நேரம் கடந்துவிட்டால் அங்கேயே ஒரு குட்டியானை சரக்கு வண்டியைப் பேசி, இரண்டு மிதிவண்டிகளையும் பழைய சாக்கை இடையில் வைத்துப் படுக்கவைத்துக் கட்டி, நாங்களும் ஏறிக்கொள்கிறோம். கியர் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "அண்ணி, இவ்வளவு தூரம் மிதிச்சதே காசு மிச்சம்னுதானே" என்று என் நாத்தனார் ஒவ்வொரு முறையும் வாடகைக்குப் பேரம் பேசுவார். பேரம் முடிவதற்குள் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பேன்.